உனக்கு மட்டும்டா

சென்னையின் மேற்கு ஓரத்தில், அதாவது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் குடியிருக்கும் தென்மாவட்டத்துக்காரர்களுக்குத் தீபாவளி என்றால் முதலில் ஞாபகம் வருவது பட்டாசோ பலகாரமோ இல்லை. டிக்கெட். தெற்கே போகிற அரசு பஸ்களில் பெரும்பாலானவை கிளாம்பாக்கத்துக்குப் போய்விட்டன (2023 டிசம்பர் 30-ல் திறந்தார்கள்). அம்பத்தூரிலிருந்து மூட்டை முடிச்சோடு கிளாம்பாக்கம் போய்ச் சேர்வதே பாதி ஊருக்குப் போன மாதிரி. ரயிலோ, கேட்கவே வேண்டாம். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். குறைத்ததால் நெரிசல் குறைந்ததா என்றால், 120-வது நாள் காலை எட்டு மணிக்கு நடந்த அடிதடி இப்போது 60-வது நாள் காலை எட்டு மணிக்கு நடக்கிறது, அவ்வளவுதான்.

2025 தீபாவளிக்கு அப்படித்தான் திருமுல்லைவாயலில் ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கும் ஒரு பையன் எட்டு மணி அடிதடியில் தோற்றுப் போனான். நெல்லை எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. ஆம்னி பஸ் கட்டணத்தைப் பார்த்தால் மெஸ் காசில் பாதி போய்விடும் போலிருந்தது. அவனுடைய பெரியம்மா மகள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஒரு காலத்தில் லேத் சத்தமும் எண்ணெய் வாசனையுமாக இருந்த எஸ்டேட்டில் இப்போது கண்ணாடிக் கட்டடங்களும் முளைத்துவிட்டன இல்லையா, அதில் ஒன்று. பஸ் டிக்கெட் விற்கும் ஒரு நிறுவனத்தோடு அந்தக் கம்பெனி பேசி, ஊழியர்களுக்கு ஒரு தள்ளுபடி கோடு வாங்கியிருந்தது. ஒரு டிக்கெட்டுக்கு 400 ரூபாய் குறையும். மொத்தம் இத்தனை டிக்கெட் வரைக்கும்தான் என்று ஒரு கணக்கும் உண்டு.

அக்கா அந்தக் கோடை அனுப்பினாள். கூடவே ஒரே ஒரு வரி: "உனக்கு மட்டும்டா."

அவன் புக் பண்ணினான். காசு இல்லாததால் அக்காவின் லாகினிலேயே, அக்காவின் கார்டிலேயே. அதுவரை தப்பில்லை, அல்லது சின்னத் தப்பு. அக்காவே மனமறிந்து கொடுத்தது. பிறகு ரூம்மேட் சங்கரன்கோவில்காரன் "மச்சி எனக்கும்டா" என்றான். கூட ஒரே பாயில் படுக்கிறவனுக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? கொடுத்தான். ராத்திரி பத்து மணிக்கு கிளாஸ் வாட்ஸப் குரூப்பில் ஒரு பெண் "திருநெல்வேலி பஸ் மூவாயிரமாம், இந்தத் தீபாவளிக்கு ஹாஸ்டல்தான்" என்று அழுகை பொம்மையோடு போட்டாள். பையனுக்கு மனசு கேட்கவில்லை. (அந்தப் பெண் போட்டதால்தான் கேட்கவில்லை என்று ரூம்மேட் இன்றுவரை சொல்கிறான். அது வேறு கதை :-)) கோடைக் குரூப்பில் போட்டான். அறுபது பேர். இருபது நிமிடத்தில் நன்றி அண்ணா, நீ தெய்வம்டா, எல்லாம் வந்து குவிந்தது. மறுநாள் மத்தியானத்துக்குள் அது எந்தெந்த ஹாஸ்டலுக்கெல்லாமோ போய்விட்டது. சாயங்காலம் கோடு செத்துப் போயிற்று.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்று யோசிக்கலாம். அவன் செய்தது நல்லதா கெட்டதா?

பெரும்பாலானோர் சட்டென்று சொல்லும் பதில்: "கம்பெனிக்காரனுக்கு என்ன நஷ்டம்? கோடு கொடுக்கிறதே நாலு பேர் உபயோகிக்கத்தானே?" இதில் பாதி உண்மை இருக்கிறது. தள்ளுபடிகளில் பல, பகிர்வதற்காகவே பிறந்தவை. ஓலா, உபேர் எல்லாம் சென்னைக்கு வந்த புதிதில் ஆளுக்கொரு ரெஃபரல் கோடு கையில் வைத்துக்கொண்டு திரிந்தது ஞாபகம் இருக்கலாம். உன் கோடைப் போட்டு நான் ஏறினால் எனக்கும் இலவசம், உனக்கும் இலவசம். அந்தக் கம்பெனிகள் செய்தித்தாளுக்குக் கொடுக்க வேண்டிய விளம்பரக் காசை நம் வாய்க்குக் கொடுத்தன. அந்தக் கோடை ஊரெல்லாம் பரப்பினால் அவர்களுக்குச் சந்தோஷம்தான். அதிலும் ஒரு சின்ன உறுத்தல் உண்டு. "மக்களே சூப்பர் ஆஃபர், உடனே போடுங்க" என்று பரோபகாரி மாதிரி எழுதிவிட்டு, ஒவ்வொரு தலைக்கும் தனக்கு நூறு ரூபாய் வருவதைச் சொல்லாமல் விடுவது. "இதில் எனக்கும் கொஞ்சம் கிடைக்கும்" என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும், கேட்கிறவர் தன் முடிவைத் தானே எடுத்துக்கொள்வார். அந்த ஒரு வார்த்தையைத்தான் யாரும் எழுதுவதில்லை.

2025 நவம்பரில் 'சென்னை ஒன்று' ஆப்பில் முதல்முறை டிக்கெட் எடுப்பவர்களுக்கு ஒரு ரூபாய்க்குப் பயணம் என்று அறிவித்தார்களே, அதுவும் இந்த ரகம்தான். பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்குமான ஆப். மக்களை அதன் பக்கம் இழுக்க வேண்டும், அதற்காக ஒரு தூண்டில். அதை ஆவடி ஸ்டேஷனில் நின்று மைக் வைத்துக் கத்தினாலும் யாருக்கும் துரோகம் இல்லை. 2023 டிசம்பர் 17 அன்று மெட்ரோவில் எங்கிருந்து எங்கே போனாலும் ஐந்து ரூபாய் என்றார்கள். நிறுவன நாள் டிசம்பர் 3, மிக்ஜாம் புயலால் தள்ளிப் போயிற்று. அதையும் எவ்வளவு பேருக்குச் சொன்னாலும் நல்லதே.

ஆனால் இதே புறநகர் ரயிலில் இன்னொரு வகைச் சலுகை ஓடுகிறது. சீசன் டிக்கெட். அண்ணன் பெயரில் எடுத்த சீசனைத் தம்பி எடுத்துக்கொண்டு ஆவடியிலிருந்து சென்ட்ரல் போவது இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் புதிதல்ல. "அண்ணன் இன்னைக்கு லீவு, சும்மாதானே கிடக்குது" என்பது வாதம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். ஒரு மாதத்துக்குக் காசு கட்டியாயிற்று, ரயிலில் ஒரே ஒரு ஆள்தான் ஏறுகிறார், அது அண்ணனாயிருந்தால் என்ன, தம்பியாயிருந்தால் என்ன?

1989-ஆம் வருடத்து ரயில்வே சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. அதன் 53-வது பிரிவு, ஒருவர் பெயரில் கொடுத்த டிக்கெட்டை அவர் மட்டும்தான் உபயோகிக்கலாம் என்கிறது. 142-வது பிரிவு இன்னும் சுவாரஸ்யம். வேறொருவர் பயணம் செய்வதற்காகத் தன் சீசன் டிக்கெட்டைக் கையை விட்டுக் கொடுப்பவருக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாங்கிக்கொண்டவருக்கும் தண்டனை உண்டு, ஆனால் முதலில் சொல்லப்படுவது கொடுத்தவர். பணம் வாங்கிக் கொடுத்தாரா, பாசத்தில் கொடுத்தாரா என்றெல்லாம் கேட்பதில்லை. காரணம் எளிது. சீசன் அவ்வளவு மலிவாக இருப்பதே ஒரு மனிதன் ஒரு நாளைக்கு இத்தனை தடவைதான் போய்வர முடியும் என்ற கணக்கில். ஒரு சீசனை வீடே உபயோகித்தால் அந்தக் கணக்கு உடைகிறது. கணக்கு உடைந்தால் ஒன்று விலை ஏறும், அல்லது சலுகை போகும்.

சிலவற்றில் கணக்கு மட்டுமல்ல, ஆளும் முக்கியம். பட்டப்படிப்பு வரை மாணவிகளுக்கும், பன்னிரண்டாம் வகுப்பு வரை மாணவர்களுக்கும் வீட்டுக்கும் படிக்கும் இடத்துக்கும் இடையே இலவச சீசன் என்று ரயில்வே வைத்தது. 2009-ல் மம்தா பானர்ஜி ரயில்வே மந்திரியாக இருந்தபோது மாத வருமானம் 1500 ரூபாய்க்கு மேற்படாத கூலித் தொழிலாளர்களுக்கு 25 ரூபாயில் 'இஸ்ஸத்' பாஸ் அறிவித்தார். 'இஸ்ஸத்' என்றால் மானம், மரியாதை. இப்படிப்பட்ட ஒன்றைப் பொய்ச் சான்றிதழ் காட்டி வாங்குகிறவன் 25 ரூபாயா திருடுகிறான்? உண்மையான கூலிக்காரர் பாஸை நீட்டும்போது பரிசோதகர் அவரை மேலும் கீழும் பார்க்கிறாரே, அந்தப் பார்வையை அவருக்கு வாங்கிக் கொடுத்தவன் அவன்தான்.

சரி, கம்பெனிக்காரன் பாவமா என்றால், எப்போதும் இல்லை. 1992-ல் இங்கிலாந்தில் ஹூவர் கம்பெனி ஒரு காரியம் செய்தது. வாக்குவம் கிளீனர் விற்கிற கம்பெனி. நூறு பவுண்டுக்குச் சாமான் வாங்கினால் இரண்டு விமான டிக்கெட் இலவசம் என்றார்கள், முதலில் ஐரோப்பாவுக்கு, பிறகு அமெரிக்காவுக்கே. நூறு பவுண்டு கிளீனருக்கு அமெரிக்கா போய்வர இரண்டு டிக்கெட்! ஜனங்கள் பாய்ந்தார்கள். கிளீனர் வேண்டாதவர்களும் வாங்கி, டிக்கெட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டு, கிளீனரைப் பழைய சாமானாக விற்றார்கள். கம்பெனி விண்ணப்பங்களை இழுத்தடித்தது. வழக்குகள் வந்தன. ஏறத்தாழ ஐந்து கோடி பவுண்டு நஷ்டம், கடைசியில் 1995-ல் ஐரோப்பியப் பிரிவையே இத்தாலிய கேண்டி நிறுவனத்துக்கு விற்க வேண்டியதாயிற்று. இதில் ஒருவருக்கொருவர் சொல்லிப் பரப்பிய பொதுஜனத்தைக் குற்றம் சொல்ல முடியுமா? வாக்குக் கொடுத்தவன் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். இது அவனுடைய முட்டாள்தனம்.

1999-ல் அமெரிக்காவில் டேவிட் ஃபிலிப்ஸ் என்ற எஞ்சினியர் செய்தது இன்னும் ரசமானது. ஒரு உணவுக் கம்பெனி தன் பொட்டலங்களின் பார்கோடுகளை வெட்டி அனுப்பினால் விமான மைல்கள் தருவதாகச் சொன்னது. அவர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். 25 சென்ட் புட்டிங் கப்பில்கூட பார்கோடு இருக்கிறது, கிடைக்கிற மைலின் மதிப்போ அதைவிடப் பல மடங்கு. 12,150 கப் வாங்கினார். கடைக்காரர் கேட்டதற்கு, இரண்டாயிரமாம் ஆண்டுக் குழப்பத்துக்குச் சேமிக்கிறேன் என்று ஒரு புளுகு. லேபிள் உரிக்க ஆள் போதாமல், புட்டிங்கை சால்வேஷன் ஆர்மிக்குத் தானமாகக் கொடுத்து அவர்களையே உரிக்க வைத்தார். பன்னிரண்டு லட்சம் மைலுக்கு மேல் கிடைத்தது. சலுகை ஆளுக்கு இத்தனை என்று எல்லை இல்லாதது, அதனால் அவர் பங்கு அதிகமானதால் இன்னொருவர் பங்கு குறையவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே மனிதரை மெச்சலாம் (கடைக்காரரிடம் சொன்ன புளுகைத் தள்ளுபடி செய்துவிட்டு).

திருமுல்லைவாயல் பையன் கதையில் சிக்கல் அங்கேதான். அந்தக் கோடுக்கு எல்லை இருந்தது. ஆவடி ரோட்டில் ஷேர் ஆட்டோவில் ஏழு பேர் உட்கார்ந்திருக்கும்போது எட்டாவது ஆள் வந்தால், "கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார்" என்பார் டிரைவர். எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே ஒடுங்குவார்கள். கோடில் ஒடுங்க இடமில்லை. ஒருவர் ஏறினால் ஒருவர் இறங்கியாக வேண்டும். இறங்குகிறவர் யாரென்று ஏற்றிவிட்டவருக்குத் தெரியாது. ஏற்றிவிட்டவருக்கு வந்து குவிவது நன்றி மட்டுமே. இறங்கியவரின் திட்டு அவர் காதுக்கு வருவதில்லை. பகிர்தல் இவ்வளவு இனிப்பாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்று தோன்றுகிறது.

தட்டுப்பாடான பொருளில் ஒருவர் பலராக நடிப்பது பற்றி 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. கேரளத்து வழக்கு ஒன்று. அங்கீகாரம் இல்லாத ஒருவர் நூற்றுக்கணக்கில் சொந்த ஐ.டி.கள் உருவாக்கி ரயில் டிக்கெட் எடுத்து விற்றார் என்பது குற்றச்சாட்டு. இன்டர்நெட் டிக்கெட்டெல்லாம் 143-வது பிரிவில் வராது என்று ஹைகோர்ட் அவரை விட்டுவிட்டது. சட்டம் எழுதும்போது இன்டர்நெட் டிக்கெட் இல்லை என்பதற்காகக் குற்றம் குற்றமில்லாமல் போய்விடாது என்று சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவை மாற்றியது. அவர் செய்ததாகச் சொல்லப்பட்டது வியாபாரம். நம் பையன் ஒரு பைசா வாங்கவில்லை. ஆனால் வரிசையில் பின்னால் நின்றவருக்கு இரண்டும் ஒன்றுதான், பெட்டி காலி.

இந்தக் கதையில் பின்னால் நின்றவர் யார்?

அக்காவின் கம்பெனியில் சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள் மட்டுமல்லாமல், காண்டிராக்டில் வேலை பார்க்கிறவர்களுக்கும் அந்தக் கோடைக் கொடுத்திருந்தார்கள். மாடியில் டீ மெஷின், தண்ணீர் கேன் எல்லாம் பார்த்துக்கொள்ளும் ஒரு பெரியவர், தென்காசிப் பக்கம். அவர், மனைவி, மகள், பேரன் என்று நாலு டிக்கெட் போட வேண்டும். போனஸ் வெள்ளிக்கிழமை வரும், வந்ததும் போடலாம் என்று இருந்தார். கோடு செத்தது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை ஒரு பெண் ஊழியரிடம் போனைக் கொடுத்துப் போடச் சொல்லியிருக்கிறார். "வரம்பு முடிந்துவிட்டது" என்று வந்தது. நாலு நானூறு, ஆயிரத்தறுநூறு ரூபாய்.

கம்பெனியில் புகார் போனது. டிக்கெட் நிறுவனத்திடம் பட்டியல் வாங்கிப் பார்த்தால், பாதிக்கு மேல் யாரென்றே தெரியாத கல்லூரிப் பிள்ளைகள். முதல் வெளியாள் டிக்கெட் யாருடைய லாகினில், யாருடைய கார்டில் என்று பார்ப்பதற்குப் பெரிய துப்பறிவாளர் தேவையில்லை. அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு மெயில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஆனால் எட்டு வருடம் ஒரே இடத்தில் தலை நிமிர்ந்து நடந்தவள், டீ மெஷின் பக்கம் போவதற்கு ஒரு வாரம் கூசினாள் என்று பெரியம்மா சொல்லித்தான் பையனுக்குத் தெரிந்தது. அவள் அவனைத் திட்டவே இல்லை. போனில் ஒரே ஒரு கேள்விதான். "உனக்கு மட்டும்னு எழுதினேனே, அதைப் படிச்சியாடா?"

அவன் படித்திருந்தான். அதுதான் பிரச்சினை. கோடைக் குரூப்பில் போடும்போது அந்த வரியை வெட்டிவிட்டுத்தான் போட்டான். வெட்டும்போதே விரல் ஒரு நொடி நின்றது என்று பின்னால் ரூம்மேட்டிடம் ஒப்புக்கொண்டான். குரூப்பில் போட்டால் தப்பில்லை என்று நிஜமாகவே நம்பியிருந்தால் அந்த வரியையும் சேர்த்தே போட்டிருக்கலாமே.

ரூம்மேட் கட்சி வேறு. அவன் சொன்னது: "பாதிக்கு மேல் நம்ம பசங்கதானே போனாங்க? அவங்களும் காசில்லாதவங்கதானே? அந்தப் பொண்ணு ஹாஸ்டல்ல அழுதுட்டு இருந்திருக்கும்." இதைச் சுலபமாகத் தள்ள முடியாது. அந்தப் பெண் வீட்டுக்குப் போய் அம்மாவோடு தீபாவளி கொண்டாடினாள். அது நிஜம். ஆனால் அந்தப் பெண்ணுக்கு உதவ அவன் கையிலிருந்த காசையோ, தன் டிக்கெட்டையோ கொடுக்கவில்லை. அக்காவின் பெயரை எடுத்துக் கொடுத்தான். தானம் செய்தவன் இவன், மெயில் எழுதியவள் அவள்.

தீபாவளி முடிந்து திரும்பியதும் அவன் ரூமில் ஒவ்வொருவரிடமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடன் வாங்கி ஆயிரத்தறுநூறு ரூபாய் தேற்றினான். அக்காவிடம் நீட்டினால் அவள் வாங்கவில்லை. "நீயே போய்க் கொடு" என்றாள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்தக் கட்டடத்தின் கேட்டருகே போய் நின்றான். ஷிஃப்ட் முடிந்து பெரியவர் டிபன் தூக்கோடு வெளியே வந்தார். பையன் தட்டுத் தடுமாறி விஷயத்தைச் சொல்லிக் கவரை நீட்டினான்.

அவர் கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் குழம்பினார். "பஸ் டிக்கெட்டே எடுக்கலையே தம்பி. பொறவு எதுக்குத் துட்டு?" தாம்பரத்திலிருந்து நாகர்கோவில் போகிற அந்தியோதயாவில் போனார்களாம். முழு வண்டியும் முன்பதிவில்லாதது. மூன்று மணி நேரம் முன்னாலேயே போய் நின்றும் இடம் கிடைக்கவில்லை. பேரனை மட்டும் ஒருவர் மடியில் வாங்கிக்கொண்டார். மதுரை வரை அவரும் மகளும் கழிப்பறைக் கதவு ஓரம் நின்றார்கள். திருநெல்வேலியில் இறங்கி அங்கிருந்து பஸ் பிடித்தார்கள். இதையெல்லாம் அவர் புகாராகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதிலாகச் சொன்னார். பார்க்கப்போனால் அவருக்குக் காசு மிச்சம்தான். கவரை மடித்து அவன் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டார்.

ஓ.டி. பக்கம் போகிற பஸ் வந்தது. ஏறப் போனவர் திரும்பிக் கேட்டார்.

"ஏந் தம்பி, பொங்கலுக்கு அந்தக் கோடு மறுபடி கொடுப்பாங்களாமா? பாப்பாகிட்ட கேட்டுச் சொல்லுதியா?"

இனிமேல் அந்தச் சலுகையே கிடையாது என்று கம்பெனி முடிவு செய்தது அவருக்கு இன்னும் தெரிந்திருக்கவில்லை. பையன் "கேட்டுச் சொல்றேன் தாத்தா" என்றான்.